மூன்றாண்டு நாற்காலி: கடற்படை உளவு அதிகாரியின் பாதை

1971 ஏப்ரலில் ஸ்பெயினின் மாட்ரிட் நகரிலிருந்து விமானம் ஏறிய எட்டு வங்காளி மாலுமிகள் பம்பாயில் வந்து இறங்கினார்கள். சில நாட்களுக்கு முன்புவரை அவர்கள் பாகிஸ்தான் கடற்படையின் ஆட்கள். பிரான்ஸின் தூலோன் துறைமுகத்தில், பாகிஸ்தானுக்காகக் கட்டப்பட்ட ‘மாங்ரோ’ என்ற நீர்மூழ்கியில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்கள். மார்ச் 25ஆம் தேதி இரவு டாக்காவில் ராணுவம் மக்களைச் சுடத் தொடங்கிய செய்தி வானொலி வழியே அவர்களை எட்டியது. ஊருக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிட்டது என்று புரிந்துகொண்டு, கப்பலிலிருந்து நழுவி, எல்லை கடந்து ஸ்பெயினுக்குப் போய் இந்தியத் தூதரகத்தின் கதவைத் தட்டினார்கள். பம்பாயிலிருந்து அவர்கள் டெல்லிக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

அங்கே கடற்படை உளவு இயக்குநர் பதவியில் இருந்தவர் கேப்டன் மிஹிர் குமார் ராய். சக அதிகாரிகளுக்கு ‘மிக்கி’ ராய். எட்டுப் பேரை விசாரித்து, அவர்கள் சொன்னதைக் கோப்பில் ஏற்றி, பத்திரமாக ஓர் இடத்தில் தங்கவைப்பதோடு அவருடைய வேலை முடிந்திருக்கலாம். பல உளவு அலுவலகங்களில் அப்படித்தான் முடிகிறது. ராய்க்கு வேறொன்று தோன்றியது. நீர்மூழ்கியில் பயிற்சி பெற்ற எட்டு வங்காளிகள் கையில் இருக்கிறார்கள். எல்லையோர அகதி முகாம்களில், ஆறுகளில் நீந்தியே வளர்ந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கிழக்கு பாகிஸ்தானுக்கு ஆயுதமும் உணவும் துறைமுகங்கள் வழியாகத்தான் வருகின்றன. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு படையே கிடைக்கும். கடற்படைத் தளபதி அட்மிரல் எஸ்.எம். நந்தா ஒப்புக்கொண்டார். ‘நேவல் கமாண்டோ ஆபரேஷன்ஸ் (எக்ஸ்)’ பிறந்தது இப்படித்தான்.

மேற்கு வங்கத்தில் பாகீரதி ஆற்றங்கரையில், பிளாசியில், முகாம் அமைந்தது. அதை நடத்தும் பொறுப்பு கமாண்டர் மோகன் நாராயண் ராவ் சாமந்திடம் வந்தது. அவர் ‘கரஞ்ச்’ நீர்மூழ்கியின் முதல் தலைவராக இருந்தவர். மாணவர்களும் உழவர் வீட்டுப் பிள்ளைகளுமாக நானூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இரவில் நீந்தவும், காந்தத்தால் கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும் லிம்பெட் கண்ணிவெடியை வயிற்றில் கட்டிக்கொண்டு மூச்சடக்கவும் கற்றார்கள். தாக்கும் நாளைச் சொல்ல வயர்லெஸ் கொடுக்க முடியாது. பிடிபட்டால் எல்லாம் போய்விடும். அதனால் அகில இந்திய வானொலியின் கல்கத்தா நிலையம் குறித்த நேரத்தில் ஒலிபரப்பும் இரண்டு வங்காளிப் பாடல்களே சமிக்ஞை ஆயின. முதல் பாட்டு ஆயத்தமாகச் சொன்னது. பங்கஜ் மல்லிக் பாடியது. இரண்டாவது பாட்டு தாக்கச் சொன்னது. ஆகஸ்ட் நடுவில் ஒரே இரவில் சிட்டகாங், மோங்லா, நாராயண்கஞ்ச், சாந்த்பூர் துறைமுகங்களில் வெடிகள் வெடித்தன. சிட்டகாங்கில் ‘அல்-அப்பாஸ்’, ‘ஹார்முஸ்’ என்ற இரண்டு சரக்குக் கப்பல்கள் மூழ்கின. இந்தியா–பாகிஸ்தான் போர் முறைப்படி தொடங்க இன்னும் மூன்றரை மாதம் இருந்தது.

இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தகவல் பெற்றவர், அதன் பொருளைக் கண்டவர், அதை வைத்து என்ன செய்யலாம் என்று சொன்னவர், செய்யும் அதிகாரம் படைத்தவரின் அறைக்குள் நேரே நுழைய முடிந்தவர் ஆகிய நால்வரும் ஒரே ஆள். உளவு அதிகாரிகளின் வரலாற்றில் இது அரிது. எங்கெல்லாம் இப்படி அமைந்ததோ அங்கெல்லாம் பலன் கிடைத்திருக்கிறது. எங்கெல்லாம் தகவல் மேசைக்கு மேசை நகர்ந்ததோ அங்கெல்லாம் விலை கொடுத்தது பெரும்பாலும் மும்பை.

ராய் பிறவி உளவாளி அல்ல. அப்படி ஒரு பிரிவே இந்தியக் கடற்படையில் இல்லை. அவர் கடற்படை விமானப் பிரிவிலிருந்து வந்தவர். 1961 மார்ச்சில், பிரான்ஸின் இயேர் விமானத் தளத்தில், நீர்மூழ்கிகளைத் தேடும் அலிசே விமானங்களைக் கொண்ட ‘கோப்ரா’ அணி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர்தான். இயேருக்கும் தூலோனுக்கும் இடையே கொஞ்ச தூரம்தான். பத்தாண்டு கழித்து அந்த எட்டுப் பேர் தப்பித்து வந்த கரை, அவருக்குத் தெரிந்த கரை. உளவு நாற்காலியை விட்டு எழுந்தபின் ‘விக்ராந்த்’ விமானந்தாங்கிக் கப்பலின் தலைவரானார்; 1980களின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்படைக் கட்டளையகத்தின் தலைவரானார்.

இன்றைக்கும் பாதை ஏறத்தாழ அதுவே. கடக்வாஸ்லாவிலோ எழிமலாவிலோ பயிற்சி. கப்பலில் நிற்கும் காவல் நேரங்கள். பீரங்கி, வழிகாட்டல், தகவல் தொடர்பு, நீர்மூழ்கி எதிர்ப்பு என ஏதேனும் ஒன்றில் தனித்தேர்ச்சி. நம் நீலகிரியின் வெலிங்டனில் உள்ள முப்படைப் பணியாளர் கல்லூரியில் ஓராண்டு. ஒரு கப்பலின் தலைமை. இடையில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் கடற்படை ஆலோசகர் பதவியோ, டெல்லி உளவு இயக்குநரகத்தில் ஒரு மேசையோ, மும்பை மேற்குக் கட்டளையகத்தில் ஓர் உளவுப் பொறுப்போ வரும். இரண்டு மூன்று ஆண்டுகள் அதில் இருந்துவிட்டு மறுபடி கடலுக்குப் போக வேண்டும். ஏனென்றால் பதவி உயர்வுக் குழுவின் முன் எடைபோடப்படுவது கடலில் கழித்த காலமும் கப்பல் தலைமையும்தான். கரையில் உட்கார்ந்து எதிரியின் வானொலியைக் கேட்ட ஆண்டுகளுக்கு அந்தத் தராசில் பெரிய எடை கிடையாது.

அமெரிக்கக் கடற்படை இதற்கு எதிர்த்திசையில் போனது. அங்கே உளவு தனிப் பிரிவு. அதில் சேர்ந்தவர் அட்மிரல் வரை அதிலேயே உயரலாம், ஆனால் போர்க்கப்பலுக்குத் தலைமை ஏற்க முடியாது. பிரிட்டன் 1960களின் நடுவில் தன் புகழ்பெற்ற கடற்படை உளவுப் பிரிவையே முப்படைகளுக்கும் பொதுவான உளவு அமைப்புக்குள் கரைத்துவிட்டது. இந்தியாவும் கார்கில் போருக்குப் பின் 2002இல் பாதுகாப்பு உளவு முகமையை உருவாக்கியது. ஆயினும் கடற்படை தன் சொந்த இயக்குநரகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கடலில் கண்ட ஒரு புகைக்கோட்டின் பொருள் கடலில் நின்றவருக்குத்தான் தெரியும் என்பது அதன் வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது.

அந்த உண்மைக்குச் சான்று 1971 டிசம்பர். மும்பையில் இன்று ஆண்டுதோறும் டிசம்பர் 4 கடற்படை நாளாகக் கொண்டாடப்படுவதற்குக் காரணமான கராச்சித் தாக்குதலில், ‘நிபாத்’, ‘நிர்காத்’, ‘வீர்’ என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் பங்கேற்றன. துறைமுகக் காவலுக்காக வடிவமைக்கப்பட்ட சோவியத் படகுகள் அவை. நெடுந்தூரம் ஓட அவற்றால் முடியாது. ஆகவே கட்டி இழுத்துச் செல்லும் திட்டம் வகுத்தார்கள். படகுகளில் இருந்தவர்கள் ரஷ்யாவில் பயிற்சி பெற்றவர்கள் என்பதால் வானொலியில் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள். ஒட்டுக்கேட்ட பாகிஸ்தானியருக்கு அது குழப்பத்தைத் தந்தது. துணைக்குச் சென்ற ‘கில்டான்’ கப்பலின் தலைவர் கமாண்டர் கே.பி. கோபால் ராவ், 2021இல் சென்னையில் மறைந்தவர். தாக்குதலுக்கு ஆணையிட்ட நந்தாவோ கராச்சியின் மனோரா தீவில் வளர்ந்த பிள்ளை. எண்ணெய்த் தொட்டிகள் எங்கே, கால்வாய் எப்படி வளைகிறது என்பது அவருக்கு எந்த அறிக்கையும் சொல்ல வேண்டியிராத சங்கதி. ‘கைபர்’ என்ற பாகிஸ்தான் போர்க்கப்பலும் ‘முஹாஃபிஸ்’ என்ற கண்ணிவாரிக் கப்பலும் அந்த இரவில் மூழ்கின.

ஐந்தே நாட்களில் கணக்கு திரும்பியது. பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ நீர்மூழ்கி பம்பாய்க்கு வெளியே டிசம்பர் முதல் வாரத்திலேயே பதுங்கியிருந்தது. இந்தியக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு வெளியேறியதை அது பார்த்தது. போர் அறிவிக்கப்படாததால் சுடவில்லை. பிறகு வடக்கே டையூ பக்கம் நகர்ந்து, பழுது ஒன்றைப் பற்றித் தன் தலைமையகத்துடன் வானொலியில் பேசியது. அந்த ஒலியை இந்திய நிலையங்கள் பிடித்து, அது இருக்கும் இடத்தைக் கணித்தன. உளவு தன் வேலையைச் சரியாகவே செய்தது. தேடி அழிக்க ‘குக்ரி’, ‘கிர்பான்’ என்ற இரு கப்பல்கள் பம்பாயிலிருந்து புறப்பட்டன. உடன் போக வேண்டிய ‘குத்தார்’ கொதிகலன் கோளாறால் நின்றுவிட்டது. குக்ரியில் ஒரு புதிய கருவி சோதனையில் இருந்தது. கடலுக்கடியில் ஒலியைக் கேட்கும் சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்ட, செம்பூரை ஒட்டிய ட்ராம்பேயின் அணு ஆய்வு மையத்தில் ஓர் இளம் கடற்படை அதிகாரி உருவாக்கியது அது. சோதனைக்காகக் கப்பல் குறைந்த வேகத்தில் சென்றது. டிசம்பர் 9 இரவு ஹாங்கோரின் டார்பிடோ குக்ரியைத் தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலோடு போனார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா, தப்பிக்க வாய்ப்பிருந்தும், கப்பலோடு நின்றுவிட்டார்.

எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரிந்திருந்தும் 194 பேர் இறந்தார்கள். ஹாங்கோரின் செவி குக்ரியின் செவியை விடக் கூர்மையானது என்பதுதான் காரணம். உளவு அதிகாரியின் வேலை ‘அங்கே இருக்கிறான்’ என்று சொல்வதோடு நிற்பதில்லை. ‘அவன் நம்மை முதலில் கேட்பான்’ என்று சொல்வதும் அதே வேலைதான். இந்த இரண்டாவது வாக்கியம் கட்டளையிடுபவரின் காதில் போதிய பலத்தோடு விழுந்ததா என்ற கேள்வியைக் கடற்படை இன்றும் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்கத்தான் வேண்டும்.

கிழக்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. கிழக்குக் கட்டளையகத் தலைவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் நாகர்கோவிலில் 1919இல் பிறந்தவர். விக்ராந்தை வேட்டையாட பாகிஸ்தானின் ‘காஸி’ நீர்மூழ்கி நவம்பர் 14ஆம் தேதி கராச்சியிலிருந்து கிளம்பியது. சிட்டகாங் துறைமுகத்திடம் ஒரு தனி வகை மசகெண்ணெய் இருக்கிறதா என்று விசாரித்த ஒரு வானொலிச் செய்தி இந்தியர் கையில் சிக்கியது. நீர்மூழ்கிகளும் கண்ணிவாரிகளும் மட்டுமே பயன்படுத்தும் எண்ணெய் அது. அந்த ஒற்றை வரியிலிருந்தே வங்கக் கடலுக்கு ஒரு நீர்மூழ்கி வருகிறது என்று கிருஷ்ணன் முடிவு செய்தார். விக்ராந்தை அந்தமான் தீவுகளின் மறைவுக்கு அனுப்பிவிட்டு, ஓய்வுபெறவிருந்த ‘ராஜ்புத்’ என்ற பழைய கப்பலை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் நிறுத்தி, விமானந்தாங்கிக் கப்பல் பேசுவதுபோல வானொலியில் பேசவைத்தார். விசாகப்பட்டினம் சந்தையில் காய்கறிக்கும் இறைச்சிக்கும் பெரிய அளவில் ஆர்டர் போகச் செய்தார். பெரிய கப்பல் வந்திருக்கிறது என்று வியாபாரிகள் பேசட்டும் என்பதற்காக. தாயின் உடல்நிலை கேட்டு ஒரு மாலுமி அனுப்பியதாகச் சங்கேதமில்லாத செய்தி ஒன்றையும் காற்றில் விட்டார். காஸி முதலில் சென்னைக் கடலில் தேடியது. பிறகு விசாகப்பட்டினம் வாசலுக்கு வந்தது. டிசம்பர் 3–4 இரவு அங்கே அது வெடித்து மூழ்கியது. ராஜ்புத் வீசிய வெடிகளா, காஸிக்குள்ளேயே நேர்ந்த விபத்தா என்ற வழக்கு இரு நாடுகளுக்கும் இடையில் இன்றும் தீரவில்லை. ஆனால் விக்ராந்த் தப்பியது. அதன் விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின.

கிருஷ்ணன் உளவு அதிகாரி அல்ல, படைத் தலைவர். ஆயினும் ஓர் உளவு அதிகாரியின் மூளையோடு போர் செய்தார். இந்த மாதிரித் தலைவர் கிடைத்தால் உளவு அதிகாரியின் பாதி வேலை முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமறிந்த உதாரணம் அமெரிக்கக் கடற்படையின் ஜோசப் ரோஷ்ஃபோர்ட்.

1942இல் ஹவாயில் ஒரு நிலவறையில் உட்கார்ந்து ஜப்பானியக் கடற்படையின் சங்கேதத்தை உடைத்தது அவருடைய குழு. ‘ஏ.எஃப்.’ என்ற குறியீடு எந்த இடம் என்று வாஷிங்டனுக்குச் சந்தேகம். மிட்வே தீவில் குடிநீர் ஆலை கெட்டுவிட்டது என்று வெளிப்படையாக ஒரு பொய்ச் செய்தி அனுப்பச் செய்தார்கள். ‘ஏ.எஃப்.பில் தண்ணீர் இல்லை’ என்று ஜப்பானியர் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதும் விடை கிடைத்துவிட்டது. அட்மிரல் நிமிட்ஸ் அதை நம்பித் தன் கப்பல்களை நிறுத்தினார். ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. ரோஷ்ஃபோர்டுக்கு நிமிட்ஸ் பரிந்துரைத்த பதக்கத்தை வாஷிங்டன் மறுத்தது. தங்கள் கணிப்பு தவறிப்போனதை அங்கிருந்தவர்கள் மறக்கவில்லை. சில மாதங்களில் அவர் சங்கேதப் பணியிலிருந்து விலக்கப்பட்டு, மிதக்கும் உலர்தளம் ஒன்றுக்குத் தலைவராக்கப்பட்டார். 1976இல் இறந்தார். பதக்கம் 1985இல் வந்தது.

ஒற்றனுக்குச் சிறப்புச் செய்வதை ஊரறியச் செய்யக்கூடாது, செய்தால் மறைத்ததை வெளியே போட்டதாகும் என்பது வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் சொன்னது. அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்தால், ஓர் ஒற்றன் சொன்னதை இன்னொருவனைக் கொண்டு சரிபார்க்கவும், மூவர் சொல் ஒத்தால் நம்பவும் அவர் வழி வகுத்திருப்பது தெரியும். சிறப்பை மறைவில் செய்யச் சொன்னாரே தவிர, செய்யவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சாமந்துக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. டிசம்பரில் குல்னாவை நோக்கிச் சென்ற படகுகளுக்குத் தலைமை ஏற்று, நம் விமானங்களே தவறுதலாகக் குண்டு வீசியதில் இரண்டு படகுகளை இழந்தும், மீதமிருந்த ‘பன்வேல்’ படகோடு போராடியவர் அவர். ஆனால் பிளாசி முகாமில் நடந்தது என்ன என்பது நாட்டுக்கு விரிவாகத் தெரிய வந்தது அவர் எழுதிய ‘ஆபரேஷன் எக்ஸ்’ நூல் 2019இல் வெளியானபோதுதான். அந்த ஆண்டு மார்ச்சில் மும்பையில் அவர் மறைந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு மௌனம் தேவைக்கு மிஞ்சியது.

இனி மும்பைக் கரைக்கு வருவோம். தாராவி என்றாலே நமக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த தோல் தொழிலாளர்களின் தாராவிதான் நினைவுக்கு வரும். அதற்கு முன்பே அது கோலி மீனவர்களின் ஊர். மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்தில் சேரும் இடத்தில் கோலிவாடா இன்றும் இருக்கிறது. 1993 மார்ச் 12 அன்று நகரெங்கும் குண்டுகள் வெடித்தபோது மாஹிம் மீனவர் குடியிருப்பின் மீதும் கையெறி குண்டுகள் வீசப்பட்டன. மொத்தம் 257 பேர் இறந்தார்கள். அந்த வெடிமருந்து வந்த வழி கடல். ராய்கட் மாவட்டத்தின் தீகி, சேகாடி கரைகளில் இரவில் இறக்கப்பட்டு, லாரிகளில் நகருக்குள் வந்தது. சுங்கத்தைச் சேர்ந்த சிலர் பணம் வாங்கிக்கொண்டு வழிவிட்டது பின்னர் நீதிமன்றத்தில் நிரூபணமானது. அந்த ஆண்டே ‘ஆபரேஷன் ஸ்வான்’ என்ற பெயரில் கடற்படையும் கடலோரக் காவல்படையும் மகாராஷ்டிர, குஜராத் கரைகளில் கூட்டு ரோந்து தொடங்கின.

ரோந்து நடந்துகொண்டிருக்கும்போதே 2008 நவம்பர் 26 வந்தது. போர்பந்தரைச் சேர்ந்த ‘குபேர்’ மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதன் ஆட்களைக் கொன்று, பத்துப் பேர் ரப்பர் படகில் கஃப் பரேட் மச்சிமார் நகரில் இறங்கினார்கள். அங்கிருந்த மீனவர்கள் யார் நீங்கள் என்று கேட்டார்கள். மறைபொருள் அறியும் எந்தத் துறையும் கேட்காத கேள்வியைக் கேட்டவர்கள் அவர்களே. கடல்வழித் தாக்குதல் வரக்கூடும் என்ற எச்சரிக்கைகள் முன்பே வந்திருந்தன. சந்தேகத்துக்குரிய ஒரு கப்பல் பற்றிய தகவலும் நவம்பர் நடுவில் பகிரப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. செயல்படக்கூடிய அளவுக்குத் தெளிவான தகவல் தங்களுக்கு வரவில்லை என்றார் அப்போதைய கடற்படைத் தளபதி சுரீஷ் மேத்தா. அமைப்பு முழுவதிலும் கோளாறு இருந்தது என்பதையும் ஒப்புக்கொண்டார். எச்சரிக்கைகளைக் கையாண்ட விதத்தில் பெரும் குழப்பம் நிலவியதை மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு பதிவு செய்தது. 166 உயிர்கள் போயின.

1971இல் ராயிடமிருந்து நந்தாவுக்குத் தகவல் போக ஒரு தாழ்வாரத்தைக் கடந்தால் போதும். 2008இல் ஒரு தகவல் வெளிநாட்டு உளவு அமைப்பிலிருந்து உள்நாட்டு உளவு அமைப்புக்கும், அங்கிருந்து கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் மாநிலக் காவல்துறைக்கும் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் அது கொஞ்சம் மங்கியது. இதைத் தனிமனிதர்களின் தவறாகப் பார்ப்பதில் பயனில்லை.

அதற்குப் பின் நடந்த மாற்றங்கள் பெரியவை. 2009இல் கடலோரப் பாதுகாப்பின் மொத்தப் பொறுப்பும் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி, போர்ட் பிளேயர் ஆகிய இடங்களில் எல்லாத் துறையினரும் ஒன்றாக உட்காரும் கூட்டு நடவடிக்கை மையங்கள் அமைந்தன. கரையோர ரேடார்கள் சங்கிலிபோல் நிறுவப்பட்டு, 2014 நவம்பரில் குருகிராமில் தொடங்கிய தகவல் ஆய்வு மையத்தோடு இணைக்கப்பட்டன. 2018இல் அதே வளாகத்தில் இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கான தகவல் பகிர்வு மையம் வந்தது. பல நாட்டுக் கடற்படை அதிகாரிகள் அங்கே ஒரே அறையில் பணியாற்றுகிறார்கள். மீனவர்களுக்கு அடையாள அட்டையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு படகு நிறமும் வந்தன.

பலன் என்ன என்பதை மும்பைத் துறைமுகத்தை ஒட்டிய யெல்லோ கேட் காவல் நிலையத்தின் இரண்டு வழக்குகளில் பார்க்கலாம். 1999 அக்டோபரில் இந்தோனேசியாவிலிருந்து ஏறத்தாழ 7,000 டன் அலுமினியத்தோடு கிளம்பிய ‘அலோண்ட்ரா ரெயின்போ’ என்ற ஜப்பானியக் கப்பல் கடத்தப்பட்டது. கடத்தியவர்கள் பெயரை ‘மெகா ராமா’ என்று மாற்றி எழுதினார்கள். கோலாலம்பூரில் உள்ள கடற்கொள்ளை அறிக்கை மையம் எச்சரிக்கை விடுத்தது. இந்தியக் கடற்படையும் கடலோரக் காவல்படையும் துரத்திப் பிடித்து மும்பைக்குக் கொண்டுவந்தன. 2003இல் விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. கடற்கொள்ளைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் அப்போது இல்லை. அது 2022இல்தான் வந்தது. 2024 மார்ச்சில் ‘ரூயன்’ என்ற கப்பலை ‘ஐ.என்.எஸ். கொல்கத்தா’ நாற்பது மணி நேரம் விடாமல் பின்தொடர்ந்து மீட்டு, 35 சோமாலியக் கொள்ளையரை மும்பைக்குக் கொண்டுவந்தபோது தகவல், கப்பல், சட்டம் மூன்றும் ஒரே பக்கம் நின்றன.

உளவு அதிகாரியின் வேலையில் பாதி வெளியே பார்ப்பது, மறுபாதி உள்ளே பார்ப்பது. பின்னது மனதுக்குக் கசப்பான வேலை. சொந்தப் படையினரையே சந்தேகிக்க வேண்டும். 2005இல் டெல்லி கடற்படைப் போர் அறையிலிருந்து ரகசியங்கள் பென் டிரைவில் வெளியேறியது தெரிய வந்து மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். 2019 டிசம்பரில் விசாகப்பட்டினம், கார்வார், மும்பை தளங்களில் பணியாற்றிய மாலுமிகள் ஏழு பேர் கைதானார்கள். முகநூலில் பெண்களின் பெயரில் பழகியவர்களிடம் கப்பல் நடமாட்டங்களைச் சொன்னதாகக் குற்றச்சாட்டு. அந்த மாதமே கடற்படை தன் தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்ஃபோனுக்கும் முகநூலுக்கும் தடை விதித்தது. வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில் இருக்கும் இருபது வயதுப் பையனின் தனிமையைப் புரிந்துகொள்ளாத உளவு அதிகாரியால் இந்த வலையை அறுக்க முடியாது.

ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கைக்கும் ஆபத்து உண்டு. மும்பையைச் சேர்ந்த குல்பூஷண் ஜாதவ் 2016 மார்ச்சில் பாகிஸ்தானில் பிடிபட்டதாக அறிவிக்கப்பட்டார். அவர் பணியில் உள்ள கடற்படை அதிகாரி, உளவாளி என்றது பாகிஸ்தான். ஓய்வுபெற்று ஈரானின் சாபஹாரில் தொழில் செய்தவர், அங்கிருந்து கடத்தப்பட்டார் என்றது இந்தியா. 2017இல் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. தூதரக அதிகாரிகளைச் சந்திக்கவிடாதது வியன்னா ஒப்பந்தத்தை மீறிய செயல் என்று 2019 ஜூலையில் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, தண்டனையை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. சீருடையைக் கழற்றிய பிறகும் ஒரு கடற்படை அதிகாரியின் கடந்தகாலம் பகைநாட்டின் கண்ணில் அவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்பதை அந்தக் குடும்பம் அனுபவிக்கிறது.

மிஹிர் ராயின் பிற்காலம் வேறு வழியில் போனது. உளவில் பழகிய மௌனம் அவரை நாட்டின் மிக ரகசியமான கப்பல் திட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அணுசக்தி நீர்மூழ்கி கட்டும் திட்டத்துக்கு ‘அட்வான்ஸ்டு டெக்னாலஜி வெசல்’ என்று எதுவும் சொல்லாத ஒரு பெயர் சூட்டப்பட்டது. 1980களின் நடுவில் அதன் முதல் தலைமை இயக்குநர் அவர். உலையை வடிவமைத்தவர்கள் ட்ராம்பே விஞ்ஞானிகள்; அவர்களில் பலர் செம்பூருக்கு அடுத்த அணுசக்தி நகர் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள், செம்பூர், மாட்டுங்கா கடைத்தெருக்களில் நடமாடியவர்கள். அந்த உலையின் கரை மாதிரி நம் கல்பாக்கத்தில் கட்டப்பட்டு, பல ஆண்டுகள் ஓடியபின் 2009இல்தான் உலகுக்குக் காட்டப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 26 அன்று ‘அரிஹந்த்’ விசாகப்பட்டினத்தில் நீரில் இறங்கியது. 2013 ஆகஸ்டில் அதன் உலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் ராய் மறைந்தார். ‘வார் இன் தி இண்டியன் ஓஷன்’ என்ற நூலை எழுதி வைத்துவிட்டுப் போனதால்தான் அவர் காலத்து உளவைப் பற்றி இன்று பேசவே முடிகிறது.

தனிப் பிரிவா, வந்துபோகும் பதவியா என்ற பழைய கேள்விக்கு இந்த வாழ்க்கைகள் தரும் விடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கடலை அறியாத உளவு அதிகாரியால் மசகெண்ணெய் பற்றிய ஒரு வரியில் நீர்மூழ்கியைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் மூன்றாண்டில் எழுந்துபோகும் அதிகாரியோடு அவர் கற்றதும் எழுந்துபோகிறது. அடுத்து வருபவர் அகரத்திலிருந்து தொடங்குகிறார். கப்பல் தலைமையை விட்டுக்கொடுக்காமலே, பணிக்காலத்தில் இரண்டு மூன்று முறை ஓர் அதிகாரி அதே உளவுப் பணிக்குத் திரும்பி வரவும், அப்படித் திரும்பியது பதவி உயர்வில் குறையாக எண்ணப்படாமல் இருக்கவும் வழி செய்ய வேண்டும். மொழி கற்றவர்களுக்கும் சங்கேதம் அறிந்தவர்களுக்கும் மட்டும் நிலையான இருக்கை தரலாம். மச்சிமார் நகரிலும் மாஹிமிலும் மீனவர் சங்கங்களோடு பேசப் பழகியவரை, அங்கே நம்பிக்கை பிறந்த மறுநாளே இடமாற்றம் செய்வதை நிறுத்தலாம்.

ஆவணங்களையும் திறக்க வேண்டும். போர் வரலாறுகளை ஐந்தாண்டுக்குள் தொகுக்கவும், சாதாரணமாக இருபத்தைந்து ஆண்டுக்குள் பதிவேடுகளின் ரகசியத்தை நீக்கவும் பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் கொள்கை வகுத்தது. 1971இன் கோப்புகள் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டன. அவற்றில் குக்ரிக்கு அனுப்பப்பட்ட செய்திகள் இருக்கலாம், பிளாசி முகாமின் நாட்குறிப்புகள் இருக்கலாம். இறந்த 194 பேரின் பிள்ளைகளுக்கே இப்போது ஐம்பது வயது கடந்துவிட்டது.